ஐந்து இடத்து உறுப்புகளில் ஒரு கிராமபோன்: பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது

அரக்குத்தட்டு (புதுக்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா சேர்த்து வைத்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டுகள் நாற்பத்தொன்று எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா தட்டு மட்டும் இரண்டு. பாட்டுப்பெட்டிதான் இல்லை. அது எப்போதோ பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போய்விட்டது என்று அப்பத்தா சொன்னார்.

முழுப்பெட்டி வாங்க வசதியில்லை. ஒன்றரை வருடமாகக் கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கினேன். காரைக்குடி பழம்பொருள் கடையில் கரையான் தின்ற ஒரு கைப்பெட்டி கிராமபோன் கிடந்தது. பெட்டி உதிர்ந்துவிட்டது, மோட்டார் மட்டும் தேறியது. 12 அங்குலத் தட்டுமேடை வேறொரு மேசைப்பெட்டியைச் சேர்ந்தது. டோன் ஆர்ம் (தட்டின்மேல் நகரும் குழாய்க்கை) பெயர் தெரியாதது. சவுண்ட் பாக்ஸ் (ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் வட்டப்பெட்டி) மைக்காத் தகடு, அதாவது காக்காப்பொன் தகடு வைத்தது, ஆனால் பின்பக்க ரப்பர் கல்லாக இறுகியிருக்கிறது. கொம்பு, அலங்காரத்துக்கு என்று இப்போது அடிக்கிற பித்தளைக் கொம்பு. மரப்பெட்டியை நானே ஒரு பழைய தேக்கு இழுப்பறையை வைத்துச் செய்தேன்.

பாடுகிறது. அதுவே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் மூன்று குறை இருக்கிறது.

ஒன்று, தொடக்கத்தில் சரியாக இருக்கிற சுருதி கடைசி ஒரு நிமிடத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. ஆர்மோனியம் வைத்துப் பார்த்தேன். 5 கட்டையில் தொடங்கும் பாட்டு 4½-இல் முடிகிறது. இரண்டு, நடுநடுவே பெட்டிக்குள் ‘டொக்’ என்று ஒரு உதை விழுகிறது, அப்போது குரலும் நடுங்குகிறது. மூன்று, உச்சத்தில் பாடும்போது தகரம் அதிர்வதுபோல ஒரு கரகரப்பு.

டோன் ஆர்ம் என் பலகைக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்கிறது. அதை அறுத்துக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கே கை வைக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

சாவிக்கொத்து (மதுரை)

தம்பி, கடிகாரமும் கிராமபோனும் பழுது பார்த்து நாற்பது வருடம் ஆயிற்று எனக்கு. சுருதி இறங்குவதும் டொக் என்று உதைப்பதும் ஒரே வியாதி. சாவி கொடுக்கும் ஸ்பிரிங் சுருண்டிருக்கிற டிரம்முக்குள் கிரீஸ் செத்துவிட்டது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு ஓட்டத்தை அடக்கத் தெரியும், தள்ளிவிடத் தெரியாது. ஸ்பிரிங்குக்குத் தெம்பு இருக்கிற வரை கவர்னரின் மூன்று குண்டும் விரிந்து, தகடு தோல்பட்டையில் உரசி, வேகம் 78-லேயே நிற்கும். தெம்பு அதற்குக் கீழே போனால் கவர்னர் சும்மா வேடிக்கைதான் பார்க்கும். உங்களுக்குக் கடைசி நிமிடத்தில் நடப்பது அதுதான். 78 சுற்று 73½-க்கு வந்தால் சரியாக அரைக்கட்டை இறங்கும். உங்கள் காது பொய் சொல்லவில்லை.

டொக் என்பது, கிரீஸ் தாராக இறுகி ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென்று விடுபடுகிற சத்தம்.

ஊசியை வைக்காமல் முழுச் சாவி கொடுத்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். டிரம்மை அதற்கு முன்னால் திறக்காதீர்கள். சாவி ஏறியிருக்கும்போது கவர்னரைக் கழற்றவே கூடாது. பிடி விட்ட ஸ்பிரிங் பல்சக்கரங்களைச் சீவிக்கொண்டு போய்விடும். விரல் இருந்தால் விரலையும்.

---

பழம்பெட்டி (பெங்களூர்)

வணக்கம். மனதில் பட்டதை நேராகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பித்தளைக் கொம்பு, புதுமரப்பெட்டி, கைப்பெட்டியிலிருந்து பிடுங்கிய மோட்டார். இந்தச் சேர்க்கையைத்தான் சுற்றுலாப் பயணிகளிடம் ‘நூறு வருடத்துப் பழசு’ என்று விற்கிறார்கள். அதற்காகவே எத்தனையோ நல்ல கைப்பெட்டிகளை உடைத்திருக்கிறார்கள். மூடியில் எச்.எம்.வி. நாய்ப்படம் ஒட்டிவிட்டால் வாங்குபவருக்குக் கேள்வியே வராது. நான் இருபத்தைந்து வருடமாகச் சேகரிக்கிறேன். முதன்முதலில் வாங்கியது அப்படியொரு பெட்டிதான். ஆறு மாதச் சேமிப்பு போயிற்று, அந்த வலி இன்னும் இருக்கிறது.

உங்கள் டோன் ஆர்ம் ஒருவேளை அதற்குரிய பெட்டியை அடைய வேண்டிய பொருளாக இருக்கலாம். அதை அறுக்கப் போகிறேன் என்று படித்ததும் நெஞ்சு பதறியது. தயவுசெய்து அறுக்காதீர்கள்.

---

அரக்குத்தட்டு

பழம்பெட்டி ஐயா, விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. அப்பத்தாவுக்கு எண்பத்தாறு வயது. தாத்தாவின் தட்டை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்கிறார். கரையான் தின்ற அந்தப் பெட்டியை நான் உடைக்கவில்லை, கையில் எடுத்ததும் அடிப்பலகை பொடியாகக் கொட்டியது. ஆனால் ஆர்ம் விஷயத்தில் நீங்கள் சொல்வது தைக்கிறது. அறுக்காமல் வைத்திருக்கிறேன். வேறு வழி உண்டா?

சாவிக்கொத்து ஐயா, ஊசி வைக்காமல் ஐந்து நிமிடம் ஓடுகிறது. ஊசி வைத்தால் இரண்டு நிமிடத்தில் தளர ஆரம்பிக்கிறது.

---

ஊசிமுனை (சென்னை)

தம்பி, அந்த இரண்டு கிட்டப்பா தட்டுகளையும் பெட்டி சரியாகும் வரை தயவுசெய்து போடாதே. 1933-இல், இருபத்தேழு வயதில் போய்விட்ட மனிதர். அவர் குரலுக்கு நமக்கிருக்கும் ஒரே சாட்சி இந்தத் தட்டுகள்தான். சோதனைக்கு, ஏற்கெனவே தேய்ந்த தட்டு ஏதாவது வைத்துக்கொள்.

ஊசி பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே? எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. திருப்பிப் போட்டால் புது ஊசி. இது கஞ்சத்தனம் காட்டுகிற இடமே இல்லை. அரக்கோடு கல்பொடி கலந்துதான் இந்தத் தட்டுகளை அச்சிட்டார்கள். முதல் சில சுற்றுகளிலேயே அந்தப் பொடி ஊசியை அரைத்துப் பள்ளத்துக்கு ஏற்றபடி வடிவாக்கிவிடும். மூன்று நிமிடம் முடியும்போது ஊசி உளிபோல் ஆகியிருக்கும். அதை அடுத்த பக்கத்தில் வைத்தால் பாட்டையே செதுக்கிவிடும்.

ஊசிமுனையில் எத்தனை கிராம் விழுகிறது என்று சமையலறைத் தராசில் நிறுத்துப் பார். அந்தக் காலத்துச் சவுண்ட் பாக்ஸ் பெரும்பாலும் நூறு கிராமுக்கு மேல்தான் அழுத்தும், அது இயல்பு. கணக்கில்லாமல் போனால் மோட்டாரும் திணறும், தட்டும் தேயும். எல்.பி., 45 சுற்றுத் தட்டு எதையும் இதில் வைத்துவிடாதே, ஒரே ஓட்டத்தில் பாழ்.

தட்டைத் துடைக்க ஸ்பிரிட் தொடாதே. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, லேபிள் நனையாமல். அவ்வளவு போதும்.

---

அரக்குத்தட்டு

அக்கா, ஒரே ஊசியில் நான்கு பக்கம் ஓட்டியிருக்கிறேன். படித்ததும் மனசு கனத்துவிட்டது. இனி மாட்டேன். எடை 165 கிராம் வருகிறது.

நேற்று டிரம்மைத் திறந்தேன். சாவி தானாக முழுக்க இறங்கும் வரை ஓடவிட்டு, தோல் கையுறை, கண்ணாடி போட்டு, மோட்டாரைக் கோணிச்சாக்குக்குள் வைத்துத்தான் திறந்தேன். உள்ளே கிரீஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. கருப்புக் கருப்பட்டிபோல் இறுகிய ஏதோ ஒன்று இருந்தது. ஸ்பிரிங்கை உள்முனையில் பிடித்து ஒரு சுற்று, ஒரு சுற்றாக வெளியே எடுத்தேன். கடைசி இரண்டு சுற்று மட்டும் பாம்புபோல் சீறிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து நீட்டி அளந்தேன். அகலம் 25 மில்லிமீட்டர், நீளம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

உள்முனை முன்பே ஒருமுறை உடைந்திருக்கிறது. யாரோ நெருப்பில் சுட்டு இளக்கி, புதிதாகத் துளை போட்டு, அரத்தால் பிசிறு எடுத்திருக்கிறார்கள். டிரம் மூடியின் உட்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து: 12-3-51. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

---

சாவிக்கொத்து

அப்படிக் கீறி வைப்பது எங்கள் வழக்கம், தம்பி. அடுத்த முறை திறப்பவனுக்கு, இதை எப்போது பார்த்தோம் என்று தெரிய வேண்டும். நீங்களும் அதன் கீழே இன்றைய தேதியைக் கீறிவிட்டு மூடுங்கள்.

அந்தத் துளை நல்ல வேலை. பேரிக்காய் வடிவில் இருக்கிறதா பாருங்கள். குறுகிய பக்கத்தில் கொக்கி மாட்டும். விளிம்பில் மயிரிழை விரிசல்கூட இல்லையென்றால் அதே ஸ்பிரிங் போதும். உள்ளே போடும்போது வெளிமுனையை டிரம்மின் முளையில் மாட்டி, உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். வாஸ்லினில் கிராஃபைட் பொடி குழைத்து ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிசாகத் தடவுங்கள். அப்பிவிடாதீர்கள்.

கவர்னரில் மூன்று பட்டைச் சுருளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று கோணியிருந்தாலும் குரல் நடுங்கும். தோல்பட்டையில் இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். காய்ந்த தோல் தகட்டைப் பிடித்துப் பிடித்து விடும்.

தட்டுமேடை வேறு பெட்டியுடையது என்றீர்களே, அதன் நடுத்துளை உங்கள் மோட்டாரின் கூம்புத் தண்டில் சரியாக உட்காருகிறதா? விளிம்பருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துச் சுற்றிப் பாருங்கள்.

---

அரக்குத்தட்டு

உட்காரவில்லை ஐயா. விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. காகிதம் மடித்து வைத்திருந்தேன்.

---

சாவிக்கொத்து

காகிதத்தை எடுத்துவிட்டுக் கடைசல் பட்டறைக்குப் போங்கள். உள்ளே தண்டின் கூம்பு, வெளியே மேடையின் துளை, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பித்தளை புஷ் (இடையில் செருகும் வளையம்) கடையச் சொல்லுங்கள். தண்டையும் மேடையையும் நேரில் கொடுங்கள், அளவு எழுதிக் கொடுத்தால் போதாது. மேடையின் துளையைப் பெரிசாக்கலாமா என்று பட்டறையில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

---

கொம்போசை (கோவை)

லேத் பட்டறை வைத்திருக்கிறேன், ஓசையியல் படித்தவன். கொம்பு பற்றி நான் சொல்கிறேன்.

பலரும் கொம்பை ஓர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கிராமபோனில் மின்சாரம் கிடையாது. ஊசியின் அதிர்வு மைக்காத் தகட்டை அசைக்கிறது. அந்தச் சின்னத் தகடு நேராக அறைக்காற்றைத் தள்ளினால் ஒன்றும் கேட்காது. குறுகிய குழாயில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, அதிர்வை அறைக்காற்றிடம் ஒப்படைப்பதுதான் கொம்பின் வேலை. எவ்வளவு நிதானமாக விரிகிறதோ அவ்வளவு தாழ்ந்த ஒலி வெளியே வரும். குறுக்குப் பரப்பு ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் இரட்டிப்பானால் சுமார் 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொம்பு கைவிட்டுவிடும். 30 சென்டிமீட்டருக்கு ஒருமுறை இரட்டித்தால் அது 60-ஐ ஒட்டி இறங்கும். ஆனால் கொம்பு அறையை அடைத்துக்கொள்ளும். 1925-இல் மேக்ஸ்ஃபீல்டு, ஹாரிசன் என்ற அமெரிக்கப் பொறியாளர்கள் இந்தக் கணக்கை வைத்து வடித்த வடிவத்தில்தான் விக்டர் கம்பெனியின் ஆர்தொஃபோனிக் பெட்டி வந்தது. அதில் கொம்பை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தார்கள்.

உங்கள் அலங்காரக் கொம்பு பெரும்பாலும் முக்கால் தூரம் குச்சிபோல் வந்து, கடைசியில் பூப்போல் திடீரென்று விரியும். மிருதங்கத்தில் வலந்தலையின் உச்ச ஒலி கேட்கும், தொப்பியின் தாழ்ந்த ஒலி கேட்காது. அதை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு காரியம் செய்யலாம்.

ஆர்ம் முடியும் இடத்தின் உள்விட்டமும் கொம்பின் கழுத்து விட்டமும் என்ன? வித்தியாசம் இருந்தால் நடுவில் சரிவான ஒரு துண்டு வேண்டும். திடீர்ப் படி இருந்தால் அங்கேயே ஒலி திரும்பிவிடும். அடுத்தது, கொம்பின் இதழ்கள் சேரும் மடிப்புகளைத் தட்டிப் பாருங்கள். மணிபோல் அடித்தால் வெளிப்பக்க மடிப்பு நெடுக மெல்லிய கம்பளித் துணியை ஒட்டுங்கள்.

---

அரக்குத்தட்டு

ஆர்ம் 25 மில்லிமீட்டர், கொம்பின் கழுத்து 38. இப்போது துணி சுற்றித் திணித்து வைத்திருக்கிறேன்.

---

கொம்போசை

துணி வழியாகப் பாதி ஒலி வழிந்துவிடும். 25-இலிருந்து 38-க்குப் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் சரிகிற மாதிரி மரத்தில் கடைந்து அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள். காசு வேண்டாம். இரண்டு முனையிலும் தோல் வளையம் வைத்து இறுக்குங்கள்.

---

ஊசிமுனை

கரகரப்புக்கு நான் வருகிறேன். அது சவுண்ட் பாக்ஸ்.

முன்வளையத்தைக் கழற்றினால் மைக்காவின் இரண்டு பக்கமும் ரப்பர்க் குழாய் வளையம் இருக்கும். உன்னுடையது கட்டாயம் இறுகியிருக்கும். நான் சைக்கிள் வால்வ் டியூப்பைத்தான் வெட்டிப் போடுகிறேன். முனைகள் இரண்டும் முட்டிக்கொள்ள வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது. மைக்காவை ஓரத்தைப் பிடித்தே எடு. காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் பிரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஊசிக்கம்பி மைக்காவின் நடுவைத் தொடுகிற சின்னத் திருகைப் பார். அதைத் தளர்த்தி விட்டால், கம்பி எந்தப் பக்கமும் இழுக்காமல் தானாகவே நடுத்துளைக்கு நேரே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரண்டு பக்கத்துச் சிறு ஸ்பிரிங்கையும் சமப்படுத்து. பிறகு திருகி, அந்த இடத்தில் உருக்கிய தேன்மெழுகு ஒரே ஒரு சொட்டு.

எல்லாம் பூட்டியபிறகு பின்துளையில் வாயை வைத்து மெதுவாக உறிஞ்சு. காற்று கசியாமல் நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும்.

இறுகிப்போன பின்ரப்பரைப் பசையால் ஒட்டிவிடாதே. புது ரப்பரில் வெட்டிப் போடு. சவுண்ட் பாக்ஸ் ஆர்மில் இறுக்கமாகவும் மென்மையாகவும் உட்கார வேண்டும்.

---

பழம்பெட்டி

ஆர்ம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், யோசித்தேன். உங்களிடம் இருப்பதில் மோட்டார், மேடை, ஆர்ம், சவுண்ட் பாக்ஸ் நான்கும் பழசு. பெட்டியும் கொம்பும் புதுசு. அப்படியானால் வெட்டுவது, துளைப்பது, இழைப்பது எல்லாம் புதுசில் மட்டும் நடக்கட்டும். மேல்பலகை நீங்கள் செய்தது. ஆர்ம் இரண்டு சென்டிமீட்டர் நீளமென்றால், ஆர்மின் பீடத்தை அந்த அளவுக்குப் பின்னால் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். பலகை போதாவிட்டால் பெட்டியைப் பெரிதாகச் செய்யுங்கள். தேக்கு கிடைக்கும், அந்த ஆர்ம் இன்னொன்று கிடைக்காது.

எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு அட்டையில் சோதனை செய்யலாம். 1924-இல் பெர்சி வில்சன் என்பவர் இதற்கு ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் காட்டினார். சுருக்கமாக இதுதான்: சவுண்ட் பாக்ஸின் முகம், ஊசி நிற்கும் இடத்தில் பள்ளத்தின் போக்கோடு நேராக இருக்க வேண்டும். கோணல் இருந்தால் ஊசி பள்ளத்தின் ஒரு சுவரையே தின்னும். வெளிவிளிம்பு, நடு, லேபிள் அருகே என மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றிலும் துல்லியம் வராது, கோணல் எங்கும் அதிகமாகாமல் பீடத்தை நகர்த்திப் பிடியுங்கள். ஆணி அடிக்கும் முன் இரட்டைப்பக்க நாடாவில் ஒட்டிச் சோதியுங்கள்.

பக்கத்திலிருந்து பார்த்தால் ஊசி தட்டோடு ஏறத்தாழ 60 பாகைச் சாய்வில் நிற்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டி, எந்த உறுப்பு எங்கே கிடைத்தது, எது புதுசு என்று எழுதுங்கள். நாய்ப்படம் வேண்டாம். அந்த ஓவியத்தையே ஃபிரான்சிஸ் பரோ முதலில் எடிசனின் உருளைப் பெட்டியை வைத்துத்தான் வரைந்தார். கிராமபோன் கம்பெனி வாங்க முன்வந்தபோது அதன்மேல் தட்டுப்பெட்டியைத் தீட்டிக் கொடுத்தார். அந்தப் படத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது, அது உங்கள் பெட்டியின் வரலாறு இல்லை. உங்கள் பெட்டிக்கு 12-3-51 இருக்கிறது.

---

அரக்குத்தட்டு

ஐயா, நன்றி. பீடத்தை 22 மில்லிமீட்டர் தள்ளினேன். தாளும் ஒட்டிவிட்டேன்.

---

கொம்போசை

வேகத்தைக் காதால் மட்டும் வைக்காதீர்கள். தாளில் வட்டம் போட்டு, சம இடைவெளியில் 77 கோடு வரைந்து, மேடையில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப்லைட் அதில் நொடிக்கு 100 முறை மினுக்கும், அதாவது நிமிடத்துக்கு 6000. அதை 77-ஆல் வகுத்தால் 77.92. கோடுகள் அசையாமல் நின்றால் உங்கள் வேகம் சரி. எல்.இ.டி. விளக்கு பலவற்றில் இந்த மினுக்கல் இருக்காது. அமெரிக்கத் தளங்களில் கிடைக்கும் 92 கோட்டு வட்டத்தை எடுத்துவிடாதீர்கள், அது 60 ஹெர்ட்ஸுக்கு உரியது.

தட்டில் ஊசி ஓடும்போதே பாருங்கள். சுமையில்லாமல் வைத்த வேகம் நிற்காது.

---

அரக்குத்தட்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

புஷ் கடைந்தாயிற்று, மேடை அசையாமல் ஓடுகிறது. கோவையிலிருந்து மரத்துண்டு வந்தது. கொன்றை மரம்போல் தெரிகிறது, உட்பக்கம் கண்ணாடிபோல் இழைத்திருக்கிறீர்கள் அண்ணா. ஊசி எடை, பின்ரப்பர் மாற்றியபிறகு சாய்வு சரியாகி 140 கிராமுக்கு வந்துவிட்டது. டொக் சத்தம் போயே போயிற்று. மாட்டுத்தொழுவத்தில் மட்டும் பழைய சோக் டியூப்லைட் இருந்தது, பெட்டியை அங்கே தூக்கிப்போய் 77 கோட்டை நிறுத்தினேன். தொடக்கத்திலும் முடிவிலும் 5 கட்டை.

நேற்று மாலை அப்பத்தாவை உட்கார வைத்துக் கிட்டப்பா தட்டைப் போட்டேன், புது ஊசியில். அசையாமல் கேட்டார். முடிந்ததும், “இது இவ்வளவு ஒசரமா இருக்காதேப்பா. உங்க தாத்தா கொஞ்சம் எறக்கி வச்சுத்தான் போடுவாரு, கூடவே பாடணும்ல” என்றார்.

வேகக் கம்பியை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தேன். 4½ கட்டைக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். வேகத் தகட்டில் இப்போது பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

---

ஊசிமுனை

படித்துவிட்டு என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், தம்பி. இரண்டாவது கிட்டப்பா தட்டையும் அவருக்குப் போடு. ஊசி தீர்ந்தால் சொல், என்னிடம் பழைய டப்பா இரண்டு இருக்கிறது.

---

சாவிக்கொத்து

கோடு இப்போதைக்குப் பென்சிலிலேயே இருக்கட்டும். தோல்பட்டை எண்ணெய் குடித்து உட்கார இன்னும் சில வாரம் ஆகும், வேகம் கொஞ்சம் நகரும். ஒரு மாதம் கழித்துத் தொழுவத்து வெளிச்சத்தில் மறுபடி பார்த்துவிட்டு ஆணியால் கீறுங்கள். இரண்டையும் கீறுங்கள்.